கட்டப்படாத டாங்கி

நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் நம் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். “காக்கா, நீங்க ஒரு நடை வந்து இவனுக்குப் புத்தி சொல்லிட்டுப் போங்க. முப்பது வயசுப் பிள்ளை, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பொம்மை ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்” என்றாள். நெடுங்காலம் பிள்ளைகளுக்கு அரபு இலக்கணமும் தமிழும் கற்பித்து வருவோரிடம் ஒரு குறை படிந்துவிடுகிறது. புத்தி சொல்லுங்கள் என்று யாரேனும் கேட்டுவிட்டால் போதும். வழக்கு இன்னதென்று விசாரிக்கும் முன்பே தீர்ப்பு நாவில் வந்து நின்றுவிடும். வழி நெடுகிலும் சொல்லவேண்டியவற்றைக் கோத்துக்கொண்டே சென்றோம். வீண்செலவு, வீண்பொழுது, கண்ணுக்குக் கேடு என மூன்று தலைப்புகள் ஆயத்தமாயின.

மாடியறையில் மருமகனின் மேசையைக் கண்டதும் முதல் தலைப்பு மறந்துபோயிற்று. பிளாஸ்டிக் சட்டங்கள் பல அடுக்கப்பட்டிருந்தன. இலையின் நரம்புகளில் காய்கள் தொங்குவதுபோல ஒவ்வொரு சட்டத்திலும் சின்னஞ்சிறு சக்கரங்களும் மூடிகளும் கைப்பிடிகளும் ஒட்டி நின்றன. வெட்டுக் குறடு, மெல்லிய அரம், பசைக்குப்பி, தூரிகைகள் எல்லாம் ஒரு பொற்கொல்லனின் பட்டறையைப் போல ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. அருகிருந்த பெட்டியின் மேல் ஒரு படம்: பிரமாண்டமான ஜெர்மானிய டாங்கி ஒன்று புகை சூழ முன்னேறி வருகின்றது.

“இஃது எந்தப் போரில் வந்தது?” என்று வினவினோம்.

“எந்தப் போர்லயும் வரலை, மாமா. இந்த டாங்கியை முழுசாச் செய்யவே இல்லை” என்றான்.

பேரூந்து, கப்பல், விமானம் ஆகியவற்றின் சிற்றுருவங்களைச் செய்து மகிழ்வோர் உலகெங்கும் உளர் என்பது வாசகர்கள் அறிந்ததே. இருந்த ஒன்றைச் சிறிதாக்கி வைத்துப் பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. இல்லாத ஒன்றை எவ்வாறு சிறிதாக்குவது? முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். எதனுடைய பங்கு? கணக்கில் மேல் எண்ணும் கீழ் எண்ணும் இருக்கின்றன, முழுமைதான் இல்லை. இந்த முப்பத்தைந்து என்னும் அளவும் ஆராய்ந்து வகுக்கப்பட்டதன்று. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் பாந்தர் டாங்கியின் உருவம் ஒன்றைச் செய்தபோது, உள்ளே சிறு மோட்டாரும் மின்கலங்களும் அடங்கவேண்டும் என்பதற்காக அந்த அளவு வந்து வாய்த்ததாம். பிறகு உலகமே அதைப் பின்பற்றத் தொடங்கிவிட்டது.

மருமகன் ஒட்டிக்கொண்டிருந்ததன் பெயர் ஈ-100. இரண்டாம் உலகப் போரின் பிற்பகுதியில் ஜெர்மானிய ஆயுதத்துறை ஒரு புதிய வரிசைக்குத் திட்டமிட்டது. ஈ-5, ஈ-10, ஈ-25, ஈ-50, ஈ-75, ஈ-100 என்பன அவற்றின் பெயர்கள். எழுத்து ‘உருவாக்கம்’ என்னும் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லின் முதலெழுத்து. எண், எடையின் வகுப்பு டன் கணக்கில். அதுவரை பலவகை டாங்கிகளைப் பலவகை உறுப்புகளோடு செய்து இடர்ப்பட்டவர்கள், இயன்ற அளவு பொதுவான உறுப்புகளைக் கொண்டு எளிதாகவும் விரைவாகவும் செய்ய எண்ணினார்கள். வண்டியின் வயிற்றுக்குள் முறுக்குத் தண்டுகளை வைத்துச் சக்கரங்களைத் தாங்கிய முறையைக் கைவிட்டு, வெளிப்புறத்திலேயே வில்லமைப்பைப் பொருத்துவது அவர்களுடைய கருத்து. பழுது பார்ப்பதும் எளிது, உள்ளே இடமும் மிச்சம். இவற்றுள் ஈ-50, ஈ-75 இரண்டும் தாளை விட்டு இறங்கவே இல்லை. ஈ-100 மட்டும் உடற்பகுதி ஓரளவு உருப்பெற்றது. போர் முடிந்த 1945 ஆம் ஆண்டில் நேசநாட்டுப் படையினர் அதைக் கண்டெடுத்தபோது அதன்மீது சுழலும் மேற்கூண்டும் இல்லை, பீரங்கியும் இல்லை. பிரிட்டனுக்குக் கொண்டுசென்று, பிற்பாடு பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள்.

ஆனால் பெட்டியின் மேற்படத்திலோ அது புகை சூழ முன்னேறுகின்றது!

கட்டப்படாதவற்றிலும் தரவரிசை உண்டென்று அன்று தெரிந்துகொண்டோம். 1942 இல் எட்வர்ட் குரோட்டே என்னும் பொறியாளர் முன்வைத்த ஒரு திட்டத்தின்படி 1,000 டன் எடையில், 35 மீட்டர் நீளத்தில், போர்க்கப்பலுக்குரிய 28 செ.மீ. பீரங்கிகள் இரண்டைத் தாங்கி ஒரு தரைக்கப்பல் புறப்பட்டிருக்க வேண்டும். அக்காலத்தின் புகழ்பெற்ற டைகர் டாங்கியே 57 டன்தான். ஹிட்லருக்கு இத்திட்டத்தில் மோகம் பிறந்தது. எந்தச் சாலை இதனைத் தாங்கும், எந்தப் பாலம் இதனைக் கரை சேர்க்கும் என்னும் வினாக்களுக்கு விடை இல்லை. 1943 இல் ஆயுதத்துறை அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேர் திட்டத்தை நிறுத்திவிட்டார். இதற்கு வைத்த பெயர் ‘ராட்டே’, அதாவது எலி. 188 டன் எடையுடன் மெய்யாகவே இரண்டு செய்யப்பட்ட மற்றொரு டாங்கிக்குப் பெயர் ‘மௌஸ்’, சுண்டெலி. பெயர் சூட்டியவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. அதை வேறு நல்ல காரியத்திற்குப் பயன்படுத்தியிருக்கலாம். டாகொம் என்னும் நிறுவனம் அந்த எலியை 144 இல் ஒரு பங்காகச் செய்து விற்கிறது. அப்படிச் சுருக்கியும் அதன் நீளம் 24 செ.மீ. வருகின்றது.

ஜெர்மானியர் மட்டுமே இப்படிக் கனவு கண்டார்கள் என்பதற்கில்லை. 1941 இல் லெனின்கிராடின் கிரோவ் தொழிற்சாலையில் ஏறத்தாழ 100 டன் எடையில் கே.வி.-5 என்னும் டாங்கியை வரைந்தார்கள். பகைப்படை நகரை நெருங்கிவிட்டது. இருக்கின்ற டாங்கிகளைச் செய்து தள்ளுவதற்கே நேரமில்லாதபோது இல்லாததை யார் செய்வது? வரைபடம் வரைபடமாகவே நின்றது. டிரம்பெட்டர் நிறுவனத்தின் பெட்டியில் இன்று அதுவும் கிடைக்கின்றது.

மருமகனின் அலமாரியில் மரநிறத்தில் கூம்பிய குடை போன்ற ஒன்று இருந்தது. அது மட்டும் ஐந்நூறு ஆண்டுப் பழமையுடையது. இத்தாலியின் லியோனார்டோ டா வின்சி 1487ஐ ஒட்டி வரைந்த மூடுதேர். அவ்வரைபடம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளே எட்டுப்பேர் நின்று கைப்பிடிகளைச் சுழற்ற, சக்கரங்கள் உருளும்; சுற்றிலும் பீரங்கிகள் சுடும். ஆனால் வரைந்தபடியே பற்சக்கரங்களைக் கோத்தால் முன்சக்கரங்கள் ஒரு திசையிலும் பின்சக்கரங்கள் எதிர்த்திசையிலும் சுழலும். தேர் நின்ற இடத்திலேயே நிற்கும். தெரிந்தே செய்த பிழை என்று சிலர் சொல்வர். லியோனார்டோவின் மனத்தை அறிந்தவர் யார்?

இவ்விடத்தில் நம் நினைவு வேறொருவரிடம் சென்றது. லியோனார்டோவுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்னர், 1206 இல், தியார்பக்கிர் அரசவையில் பணிபுரிந்த அல்-ஜஸரீ தம் பொறிகளைப் பற்றிய அரபு நூலை நிறைவு செய்தார். யானைக் கடிகாரம், நீரிறைக்கும் இயந்திரங்கள் என ஏறத்தாழ ஐம்பது அமைப்புகளை, இன்ன தகட்டை இன்ன அளவில் வெட்டுக, இன்ன இடத்தில் துளையிடுக என்று ஒரு தட்டானுக்குச் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறார். செய்து பார்த்து மெய்ப்பிக்கப்படாத கலையை அவர் எளிதில் நம்புவதில்லை. மருமகனிடம் இதைச் சொன்னோம். “அவர் இந்தப் பெட்டியை வாங்கியிருக்க மாட்டார், மாமா” என்று சிரித்தான்.

அவன் சிரித்தது நமக்கு வாய்ப்பாயிற்று. இல்லாததைப் பற்றிய ஒரு பழைய வழக்கை எடுத்துரைத்தோம். இல்முல் கலாம் படித்த காலத்தில் நம்மை உறங்கவிடாமல் செய்த வழக்கு அது. இருப்பது ‘மவ்ஜூத்’, இல்லாதது ‘மஃதூம்’. இனிமேல் உண்டாகக்கூடிய, ஆனால் இப்போது இல்லாத ஒன்றை ‘ஒரு பொருள்’ என்று சொல்லலாமா? முஃதஸிலாக்களில் பெரும்பாலோர் சொல்லலாம் என்றனர். இருப்பு வந்து சேரும் முன்பே அது ஏதோ ஒன்றாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். அஷ்அரிய்யாக்கள் மறுத்தனர், இல்லாதது வெறும் இல்லாமையே, அதற்குப் ‘பொருள்’ என்னும் பெயர் கூடாது என்றனர். பாடம் சொல்லித்தந்த நம் ஹஜ்ரத் அவர்கள் இரு தரப்பையும் ஒரே உருக்கத்தோடு வாதிடுவார்கள். நாம் தலைசுற்றி வெளியே வருவோம். இல்லாததை விற்கலாகாது என்னும் ஃபிக்ஹுச் சட்டமும் உண்டு. ‘அந்தச் சட்டப்படி இப்பெட்டியின் வணிகம் செல்லுமா?’ என்று வேடிக்கையாகக் கேட்டோம். மருமகன் பெட்டியைத் தூக்கிக் காட்டினான். பிளாஸ்டிக் இருக்கிறது, எடை இருக்கிறது, விலையும் இருக்கிறது. வணிகம் செல்லும்தான்.

பிறகுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. இருந்த டாங்கிகள் எத்தனையோ இருக்க, இவற்றின்மேல் ஏன் இத்தனை ஆசை என்று கேட்டோம். முதலில் தொழில் சார்ந்த விடையைச் சொன்னான். மெய்யான டாங்கியைச் செய்தால், இந்த மரை ஆறு அல்ல ஏழு, இந்த மாதத்தில் இந்த நிறம் பூசப்படவில்லை என்று குறை சொல்ல ஆயிரம்பேர் வருவார்கள். இல்லாத டாங்கிக்கு எந்தப் புகைப்படத்தைக் காட்டிக் குறை சொல்வது? ஈ-50க்கு மேற்கூண்டு எப்படி இருந்திருக்கும் என்பதை, அதே காலத்துப் பாந்தருக்கு வரைந்த கூண்டைக் கொண்டு பெட்டி செய்பவர்களே ஊகித்துக் கொள்கிறார்கள். அந்தச் சுதந்திரம் அவனுக்குப் பிடித்திருக்கிறது.

சற்று நேரம் சென்று, அரத்தால் ஒரு சக்கரத்தின் விளிம்பைத் தேய்த்தபடியே, மற்றொன்றையும் சொன்னான். அவன் ஒரு தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறான். இரண்டாண்டுகள் ஓர் இயந்திரத்திற்காக அவனும் நான்கு பேரும் வரைந்திருக்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை இரண்டு வரியில் கடிதம் வந்தது, திட்டம் கைவிடப்பட்டது. வரைபடங்கள் எங்கே போயின என்றுகூட யாரும் சொல்லவில்லை. “யாரோ ஒருத்தன் ராத்திரி பகலா உக்காந்து வரைஞ்சிருக்கான், மாமா. ஒரு நாள் ‘வேண்டாம்’னு சொல்லிட்டாங்க. அதை யாராவது ஒரு தடவை செஞ்சு பாக்கணும்ல?”

அவன் உம்மாவிடம் இதைச் சொன்னதில்லை. நமக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் இரக்கம் வந்தது. ஆயினும் மாமன் என்னும் நிலையை விட்டுக்கொடுக்க மனமின்றி, வரைந்தவன் யாருக்காக வரைந்தான் என்பதையும் எண்ணிப்பார் என்றோம். அதற்கு அவன் சொன்ன மறுமொழி இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. “மாமா, கட்டின டாங்கி எல்லாம் ஆளைக் கொன்னுச்சு. இது ஒண்ணுதான் ஒருத்தரையும் கொல்லலை.” தொடர்ந்து, கேட்கக்கூடாததையும் கேட்டான்: “உங்க அகராதி என்னாச்சு, மாமா?”

அரபு–தமிழ் அகராதி ஒன்று செய்வதென்று நம் இருபத்தாறாம் வயதில் அட்டைகள் எழுதத் தொடங்கினோம். அலிஃப், பே, தே, தஸே கடந்து ஜீம் எழுத்தின் நடுவில் நிற்கிறது. இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறோம். அதற்கு முன்னுரை மட்டும் முழுமையாக எழுதப்பட்டுவிட்டது. நாம் மறுமொழி சொல்லவில்லை. புத்தி சொல்லப் போனவர் அவனிடமிருந்து டாங்கிகளைப் பற்றிய இரண்டு நூல்களை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

நூல்களைப் படித்தோம், அவற்றில் இல்லாதவற்றை வேறிடங்களில் தேடிப் படித்தோம். ஒருவரையும் கொல்லாத டாங்கி என்று அவன் சொன்னது சரிதானா என்று அறியவேண்டியிருந்தது. சொல் அழகாக இருந்தமையாலேயே அச்சம் தோன்றிற்று.

ஈ-100ஐ உருவாக்கும் பொறுப்பு பிராங்க்பர்ட் நகரத்து ஆட்லர் நிறுவனத்திடம் விடப்பட்டிருந்தது. மிதிவண்டி, தட்டச்சுப் பொறி, மோட்டார் வண்டி ஆகியவற்றால் பெயர் பெற்ற நிறுவனம். 1944 ஆகஸ்ட் முதல் 1945 மார்ச் வரை அந்நிறுவனத்தின் பிராங்க்பர்ட் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு வதைமுகாம் இயங்கிற்று. ‘காட்ஸ்பாக்’ என்று அதற்குப் பெயர். ஊருக்கு வெளியே காட்டிலன்று. மக்கள் குடியிருந்த காலஸ் என்னும் பகுதியில், சாலையிற் செல்வோர் காணக்கூடிய இடத்தில். ஏறத்தாழ 1,600 கைதிகள் அங்குக் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் போலந்து நாட்டவர். வார்ஸா நகரின் 1944 எழுச்சியில் பிடிபட்டவர்கள் பலர். பசியும் நோயும் அடியும் வேலையும் சேர்ந்து அங்கேயே 500க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. நேசநாட்டுப் படைகள் நெருங்கியபோது, எஞ்சியவர்களுள் நடக்கக்கூடியவர்களை புகன்வால்ட் முகாமை நோக்கி நடத்திச் சென்றார்கள். வழியில் விழுந்தவர்கள் எழவில்லை. அந்த இடத்தில் ஒரு வரலாற்று நினைவகம் திறக்கப்பட்டது 2022 இல்தான்.

இங்கே நாம் நியாயத்தோடு நடந்துகொள்ள வேண்டும். அக்கைதிகள் ஈ-100க்காக உழைத்ததாக நாம் எங்கும் காணவில்லை. அதன் உடற்பகுதி பிராங்க்பர்ட்டில் பூட்டப்படவும் இல்லை. வடக்கே, பாடர்போர்ன் நகருக்கு அருகில் ஹௌஸ்டென்பெக் என்னும் இடத்திலிருந்த டாங்கிச் சோதனை நிலையத்தில், ஒரு சில ஆட்களைக் கொண்டு மெதுவாகப் பூட்டப்பட்டது. ஒரே நிறுவனத்தின் ஒரு கை ஓரிடத்தில் இதையும், மறு கை மற்றோரிடத்தில் அதையும் செய்தன. அவ்வளவுதான் நாம் சொல்லக்கூடும்.

ஆனால் ஹௌஸ்டென்பெக் என்னும் பெயர் நம்மை நிறுத்திற்று. அது சோதனை நிலையத்தின் பெயர் அன்று. ஓர் ஊரின் பெயர். பதினேழாம் நூற்றாண்டில் உண்டான உழவர் சிற்றூர். ஏறக்குறைய 280 ஆண்டுகள் அங்கே மக்கள் மணலில் உழுது, பிள்ளை பெற்று, இறந்து வாழ்ந்திருக்கிறார்கள். படைப்பயிற்சிக் களத்தை விரிவாக்கும் பொருட்டு 1937 முதல் 1939க்குள் அவ்வூரார் அனைவரும் குடிபெயர்க்கப்பட்டனர். போருக்குப் பின்னும் அவர்கள் திரும்பவில்லை. நிலம் பயிற்சிக் களமாகவே நீடித்தது. தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் மட்டும் நிற்கின்றன.

ஹஜ்ரத் அவர்கள் இருந்திருந்தால் இந்த வழக்கை எப்படித் தீர்த்திருப்பார்கள் என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தோம். இருந்த ஊர் இல்லாமலாயிற்று. அந்த இடத்தில் செய்யத் தொடங்கிய டாங்கி இருப்புக்கு வரவே இல்லை. ஈ-50ம் ராட்டேயும் யாரையும் கொல்லாமல் விட்டது கருணையினால் அன்று. எஃகு இல்லை, காலம் இல்லை, தாங்கும் பாலம் இல்லை. செய்ய முடிந்திருந்தால் செய்திருப்பார்கள். மருமகன் இரக்கப்பட்ட அந்த வரைவாளன் நள்ளிரவில் கோடு இழுத்தபோது, சாலையின் மறுபுறத்தில் யார் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதை அறிந்திருப்பானா? அறிந்தும் இழுத்திருப்பானா?

அடுத்த வாரம் மறுபடியும் சென்றோம். இம்முறை தலைப்புகள் எவையும் ஆயத்தம் செய்யவில்லை. படித்ததை மட்டும் சொன்னோம். மருமகன் குறடைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். “ஹௌஸ்டென்பெக்குங்கிற பேரை நூறு தடவை படிச்சிருக்கேன், மாமா. ஊருன்னு தெரியாது” என்றான். அதன்பின் இருவரும் அதிகம் பேசவில்லை. உம்மா கொண்டுவந்த தேநீர் ஆறிற்று. விடைபெறும்போது, பேச்சை மாற்றுபவன்போல, டாங்கிக்கு அரபில் என்ன சொல் என்று கேட்டான். ‘தப்பாபா’ என்றோம். ஊர்ந்து செல்வது என்பது வேர்ப்பொருள். பழங்காலத்தில் கோட்டை மதிலை இடிக்கச் செல்வோர் தம்மீது கல்லும் நெருப்பும் விழாதபடி ஒரு மூடிய வண்டிக்குள் ஒளிந்து தள்ளிக்கொண்டு போவார்கள்; அதற்கு வைத்த பெயர் அது. டாங்கி பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே பெயர் பிறந்துவிட்டது. “அப்போ அலமாரியில இருக்கிறதுதான் சரியான தப்பாபா” என்று லியோனார்டோவின் தேரைக் காட்டினான். பிறகு, “உங்க அகராதியில இது இருக்கா?” என்றான். தால் எழுத்தை நாம் இன்னும் எட்டவில்லை என்றோம்.

ஒரு மாதம் கழித்துத் தங்கையின் அழைப்பு மீண்டும் வந்தது. “காக்கா, என்ன சொன்னீங்க அவன்கிட்ட? வண்டிக்குத் தலையே வைக்காம விட்டுட்டான். அத்தனை பணம் போட்டு வாங்கிட்டு…” பணம் வீணாகக் கூடாதென்பதில் அவள் இப்போது டாங்கியின் பக்கம் நின்றாள். போய்ப் பார்த்தோம். மேசையின் நடுவில் ஈ-100 நின்றது. 1945 இல் கண்டெடுத்தபோது இருந்தவாறே, மேற்கூண்டின்றி, பீரங்கியின்றி, மேலே வட்டமாக ஒரு வெற்றுத் துளையோடு. போர் வண்ணம் எதுவும் பூசவில்லை. இரும்புக்கு முதலில் அடிக்கும் செங்காவி நிற அடிப்பூச்சு மட்டும். கூண்டின் உறுப்புகள் சட்டத்திலிருந்து வெட்டப்படாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தன.

அன்றிரவு இரும்புப் பெட்டியைத் திறந்தோம். ஜீம் எழுத்தின் அட்டைகளுக்குப் பின்னால், ஹேயும் கேயும் எழுதப்படாமல் இருக்க, வரிசை தவறி ஓர் அட்டை இப்போது அமர்ந்திருக்கிறது. தப்பாபா: ஊர்வது, மதிலழிக்கும் மூடுவண்டி, பிற்காலத்தில், டாங்கி.